ஒன்பதாவது பாட்டில் கரகரப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நம் சவுண்ட் சாமான் கடையில் உங்களுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டும், பேர் போட்ட சட்டையும், கூடவே ஒரு மணி நேரத்துக்கு என்னையும் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் நிச்சயம் உபயோகப்படும். என்னைப் பேசக் கூப்பிட்ட முதலாளி, நான் சாதித்த கதைகளைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார். அந்தக் கதைகளைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரமே அதிகம். மீதி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வேறொன்றைச் சொல்லலாம் என நினைக்கிறேன்.

நம்மை யாரும் சந்தோஷமாக இருக்கும்போது கூப்பிட மாட்டார்கள் என்பதை இந்நேரம் தெரிந்துகொண்டிருப்பீர்கள். வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்துப் பாடுகிறவர்கள் இப்போது விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். பாட்டு நன்றாகப் பதிவானால் அது அவர்களுடைய திறமை. கரகரவென்று வந்தாலோ, சத்தமே வராமல் போனாலோ அது நம்முடைய போன் நம்பர். இருபத்திரண்டு வருடம் அந்த நம்பருக்குச் சொந்தக்காரனாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான்.

எனக்குக் கொஞ்சம் பேரும் இருந்தது. கரகரப்புக்குப் பத்தில் ஒன்பது வீட்டில் ஒரே காரணம்தான். கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் சேர்க்கிறது. அந்த அள்ளும் அளவுக்குத்தான் பஃபர் என்று பெயர். அதைச் சின்னதாக வைத்தால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும், பாட்டு படபடவென்று வெடிக்கும். பெரிதாக்கினால் அடங்கிவிடும். ஒரு கிளிக். ஆனால் ஒரு கிளிக்கில் முடித்தால் வீட்டுக்காரருக்குத் திருப்தி இருக்காது என்று, நான் கால் மணி நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பேன். அந்தச் சுருக்கத்துக்குத்தான் பேர்.

கோட்டக்குப்பத்தில் ஒருவருக்கு இரண்டு நாளாகச் சத்தமே வரவில்லை. வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய விலை உயர்ந்த சாமான்கள் எல்லாம் மேஜை மேல் இருந்தன. போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் சத்தத்தையெல்லாம் மாடி சமையலறையில் இருந்த புளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மாடியில் இருந்த அவருடைய அண்ணி, ரெண்டு நாளா அதே நாலு வரியப் பாடிக்கினு இருக்காரு, நாங்களும் பொறுத்துக்கினுதான் இருக்கோம் என்றார். இவர் கேட்கவில்லை, கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அவர்கள் சொல்லவில்லை, சொன்னால் இவர் மனம் நோகும். நான் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு டீயும் சம்சாவும் சாப்பிட்டு வந்தேன். அவர்களைப் பற்றி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தேன். ஆறு மாதம் கழித்து நானே அதைவிட மோசமாக நடந்துகொண்டேன்.

மலர்க்கொடி என்று ஒருவர். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். அங்கன்வாடியில் டீச்சர். கணவர் ஏழுமலை சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிறவர். அமாவாசைக்கு அமாவாசை ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். வேனில் அம்மன் பாட்டு பாடுவது மலர்க்கொடிதான். எல்லோரும் பாடும் பாட்டு அல்ல, அவரே கட்டிய பாட்டு. அதையெல்லாம் பதிவு செய்து வைத்தால் என்ன என்று வேனில் யாரோ கேட்கப்போய், ஒன்பது பாட்டு தயாராகிவிட்டது. மேளமும் கீபோர்டும் புதுச்சேரியில் ஒருவரிடம் வாசிக்கச் சொல்லி வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். அதைக் காதில் கேட்டுக்கொண்டே மைக்கில் பாட வேண்டியதுதான் பாக்கி. கம்ப்யூட்டர், மைக், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சவுண்ட் கார்டு பெட்டி எல்லாவற்றையும் அந்த வீட்டில் பொருத்திக் கொடுத்தவன் நான்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் போன் செய்தார். குரலில் பதற்றம் இல்லை. பிள்ளைகளுக்கு சத்துமாவு அளந்து கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“சார், திங்கக்கிழம எனக்குக் கழுத்துல ஆபரேஷன். கட்டி இருக்குது. கொரலு மாறினாலும் மாறிடும், அப்புறம் வரும், வராமலும் போவும்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆறு பாட்டு முடிஞ்சிது. மூணு பாக்கி. நேத்துலருந்து கரகரன்னு வருது சார்.”

நாளை மாலை ஐந்து மணிக்குப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ஆக, அந்தக் குரலில் மூன்று பாட்டு பாட இருந்தது ஒன்றரை நாள். நான் இதெல்லாம் பத்து நிமிட வேலை என்றேன். பொருளைப் பார்க்காமலே சொன்னேன். டாக்டர்கூட பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருந்தார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போதே மனதுக்குள் பஃபரைப் பெரிதாக்கிவிட்டேன். வீட்டுக்குப் போய் நிஜமாகவே பெரிதாக்கினேன். ஒரு வரி பாடச் சொன்னேன். கரகர. இன்னும் பெரிதாக்கினேன். கரகர. நெற்றியைச் சுருக்கினேன். இந்த முறை சுருக்கம் தானாகவே வந்தது.

மலர்க்கொடி இரண்டு விஷயம் சொன்னார். ஏற்கெனவே பாடிய ஆறு பாட்டும் இப்போது போட்டாலும் சுத்தமாகக் கேட்கிறது என்பது ஒன்று. இன்னொன்றை அவர் வாயாலேயே சொல்கிறேன்.

“மைக்கு வயர அந்தப் பொட்டிகிட்ட லேசா அசைச்சா சத்தம் கூடுது சார். அப்படியே புடிச்சிக்கினா நிக்குது.”

பிள்ளைகளே, இதற்கு மேல் ஒருவர் என்ன சொல்ல வேண்டும். பழைய பாட்டு சுத்தமாகக் கேட்கிறது என்றால் வெளியே போகிற வழியில் கோளாறு இல்லை, உள்ளே வருகிற வழியில்தான். எந்த இடத்தில் என்பதையும் அவரே விரலால் காட்டிவிட்டார். காலை பத்து மணிக்கு அந்த அம்மாள் என் வேலையை முடித்துக் கையில் கொடுத்தார். நான் அதெல்லாம் அப்படித்தான் தோன்றும் என்று சொல்லிவிட்டு, பின்னைக்கூடப் பார்க்காமல் பேருக்கு வயரை மட்டும் மாற்றிப் பார்த்தேன். கரகரப்பு போகவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு குற்றவாளியைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் மோட்டார். கிணற்று மோட்டார் ஓடுவதால் லைனில் இரைச்சல் வருகிறது என்றேன். மும்முனை மின்சாரம் காலையில்தான் வரும், அன்றைக்கு மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய வேண்டிய நாள். ஏழுமலை போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். கரகர. அடுத்தது ஃபிரிட்ஜ். நிறுத்தினோம், பால் திரிந்தது. ஃபேனை நிறுத்தினோம், எல்லோரும் வியர்த்தோம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த வீட்டில் மதியம் சட்னி இல்லாமல் இட்லி தின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு தெருவே எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கரகரப்பு மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

கடைசியில் நம் குலத்தொழிலுக்கு வந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம், ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்றேன். ஏழுமலைதான் அந்த ஆறு பாட்டு என்ன ஆகும் என்று கேட்டார். அது வேறு எங்கேயும் நகல் எடுத்து வைக்கப்படவில்லை. எடுத்து வைக்கச் சொல்லி நானும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசும் தைரியத்தோடு இருந்திருக்க மாட்டேன். ஆறு பாட்டையும் பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான ஒரே காரியம் அதுதான், அதுவும் சொந்த யோசனை இல்லை.

மணி மூன்று ஆகிவிட்டது. மலர்க்கொடி சமையலறைக்குப் போனார், ஏழுமலை நிலத்துப் பக்கம் போனார். வேறு எதுவும் தோன்றாமல் சவுண்ட் கார்டிலிருந்து மைக் வயரைப் பிடுங்கினேன். பின்னில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

நம் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்தப் பொருளைப் பொருத்தினாலும் ஸ்விட்ச் போடுவதற்கு முன் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, சூடம் காட்டிவிட்டுத்தான் போடுவோம். வாடிக்கையாளருக்கு மரியாதை, நமக்கு ஒரு திருப்தி. நான் பொட்டு வைப்பதில் கெட்டிக்காரன் என்று பேர். அந்தச் சவுண்ட் கார்டு பெட்டி உள்ளங்கை அகலம்தான், முன்பக்கம் முழுக்கத் திருகுகளும் விளக்குகளும். பொட்டு வைக்க இடமில்லை. மைக் சொருகும் துளையின் மேல் விளிம்பு மட்டும் காலியாக, நெற்றி மாதிரி இருந்தது. அங்கே வைத்தேன். தாராளமாக வைத்தேன். சந்தனம் காய்ந்து பொடியானது. மலர்க்கொடி பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவர், பாடி முடித்ததும் மைக்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவார். தினமும் சொருகச் சொருக, பொடி உள்ளே போய்ச் சேர்ந்தது. காலையிலிருந்து மோட்டார், ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று தெருவையே விசாரித்துவிட்டு, கடைசியில் என் விரலில் வந்து நின்றேன்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பத்து நிமிடம். ஒரு வரி நானே பாடிப் பார்த்தேன், என் குரல் உட்பட எல்லாம் தெளிவாகக் கேட்டது. பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒருவன் பஞ்சைக் குப்பையில் போடாமல் பையில் போடுகிறான் என்றால் அவன் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலர்க்கொடி வந்து கேட்டுப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என்ன கோளாறு என்று கேட்டார். எனக்கு அப்போது உண்மையைச் சொல்ல எல்லா வசதியும் இருந்தது. நேரம் இருந்தது, பொருள் சரியாகிவிட்டது, அவர்கள் கோபக்காரர்களும் இல்லை. ஆனால் நின்றுபோன மோட்டாரும் திரிந்த பாலும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“சாஃப்ட்வேர்ல ஒரு செட்டிங் மாறிப்போயிருந்துதும்மா. சரி பண்ணிட்டேன்” என்றேன்.

ஏழுமலை இரண்டு கையையும் கூப்பினார். நான் கையை அசைத்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

அன்று மாலையே மலர்க்கொடி இரண்டு பாட்டு பாடினார். நான் உடன் இருந்தேன். கழுத்தில் அந்தக் கட்டி லேசாகத் தெரிந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொள்வார், சிரமத்தால் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் திரையில் ஓடும் ஒலிக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குக் கோடுகளைப் பார்க்கவில்லை. இந்தக் குரலா திங்கட்கிழமைக்கு அப்புறம் இருக்காது என்று நினைத்தேன். ஒன்பதாவது பாட்டு அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிற தாலாட்டு. ஒன்பதிலும் அதுதான் உயரமாகப் போகிற பாட்டு. ஆகவே இரவு ஓய்வெடுத்துவிட்டு, காலையில் குரல் தெளிவாக இருக்கும்போது பாடிவிடுவதாகச் சொன்னார். நல்ல யோசனை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஏழுமலை போன் செய்தார். மறுபடியும் கரகரப்பு, நேற்றைவிட அதிகம் என்றார். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“ஒன்னும் பண்ல சார். கடைசிப் பாட்டு, அதுவும் தாயி பாட்டு. மிஷினும் நல்லாயிடுச்சி. சரின்னு குளிச்சிட்டு வந்து, சந்தனம் கொழைச்சி பொட்டு வெச்சி, சூடம் காட்டினேன். நீங்க வெச்ச எடத்துலயேதான் சார் வெச்சேன். இன்னும் கொஞ்சம் நல்லாவே வெச்சேன்.”

அவருக்கு எப்படித் தெரியும். டிராக்டருக்குப் பொட்டு வைத்து டிராக்டர் நின்றதில்லை, மோட்டாருக்கு வைத்து மோட்டார் நின்றதில்லை. நேற்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டிருக்க மாட்டார்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள், நேற்றைய பொய்யைவிட இதுதான் மோசம். அப்போதும் வழி இருந்தது. அந்தத் துளையில் இருக்கும் சந்தனத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள் என்று போனில் சொன்னால் போதும். அங்கன்வாடி டீச்சர் வீட்டில் பஞ்சும் ஸ்பிரிட்டும் இல்லாமல் இருக்குமா. கால் மணி நேரத்தில் அவர் பாட ஆரம்பித்திருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால், நேற்று சாஃப்ட்வேர் என்றீர்களே என்று ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, நானே நேரில் வருகிறேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நான் வரும்வரைக்கும் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாடிப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். சில நேரம் தானாகச் சரியாகிவிடும் என்றேன். செல்போனில் பாடி வைத்துக்கொள்ளட்டுமா என்று ஏழுமலை கேட்டார். வேண்டாம், தரம் ஒத்துப்போகாது என்று சொன்னேன். என் நிபுணத்துவம் அன்றைக்கு முழு வேகத்தில் வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்குத் திரும்புகிற கூட்டம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி பீடி பிடித்தார். பக்கத்தில் இருந்தவர், இன்னா சார் இப்படி பேஜாரா கீறீங்க, ஜல்தியா போயி இன்னா பண்ணப்போறீங்க என்று கேட்டார். துடைக்கப் போகிறேன் என்று சொல்ல முடியுமா. அப்போதுகூட கையில் போன் இருந்தது. இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும், இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடுவோமே என்று வைத்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மலர்க்கொடி நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னபடியே பாடிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பதினோரு முறை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், சொன்னால் அப்படியே செய்வார். தொண்டை கட்டிவிட்டது. வாங்க சார் என்று அவர் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது.

அவர்கள் முன்னால்தான் துடைக்க வேண்டியிருந்தது. பஞ்சு மஞ்சளாக வெளியே வந்தது. பத்து நிமிடத்தில் ஒலி சுத்தமாகிவிட்டது. மலர்க்கொடி மைக்குக்கு முன்னால் வந்து நின்று பல்லவியை எடுத்தார். கீழே இருக்கும்வரை குரல் வந்தது, மேலே ஏறும் இடத்தில் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை எடுத்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கரகரப்பு துளிகூட இல்லாமல், அந்தக் காற்று அவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

ஏழுமலை என் கையில் இருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா சார்?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? விடுங்கள், தெரியாமல் நடந்ததுதானே என்றேன். என் தப்புக்கு அவரை நான் மன்னித்தேன். அவர் அம்மன் படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலர்க்கொடி அவர் தோளைத் தட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்து வைக்கப் போனார். நான் பஸ் ஏறினேன். எந்த பஸ், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்பதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை.

புதன்கிழமை புதுச்சேரிக்குப் போனேன். பெரிய மனசு பண்ணிப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபரேஷன் எப்படி என்று போனில் கேட்டபோது, நன்றாக முடிந்ததென்றும், தன் தலைமுடியை அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூரில் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருப்பதாகவும் ஏழுமலை சொன்னார். பெண்டாட்டி பாட்டைக் கெடுத்த பாவத்துக்காக. அந்த மனிதர் வார்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லி அழுதிருக்கிறார். நான் வைத்த பொட்டுக்கு அவர் மொட்டை போடுவதா. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மலர்க்கொடி கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இப்போதைக்குப் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேசினாலும் காற்றாகத்தான் வந்ததாம். குரல் திரும்ப மாதக்கணக்கு ஆகலாம், பழையபடி வருமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றிருக்கிறார்கள். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு முதலிலிருந்து சொன்னேன். பொட்டு வைத்தது நான், சனிக்கிழமை பார்த்ததும் நான், பஞ்சைப் பையில் போட்டது, சாஃப்ட்வேர் என்றது, போனில் சொல்லாமல் விட்டது எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல்தான் கரகரத்தது. ஏழுமலை தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மலர்க்கொடி தலைமாட்டில் இருந்த செல்போனை எடுத்து, அதில் நிதானமாக எழுதி, கணவரிடம் நீட்டினார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லா திட்டியிருப்பேன் சார். அவ்ளோதான். இப்ப திட்டக்கூட எனக்குக் கொரலு இல்ல.”

படித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான் என்று அமாவாசைக்கு மொட்டையும் போட்டுக்கொண்டார். துணைக்கு நானும் போட்டிருப்பேன், என் தலையில் அதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. வேனில் அவர்களோடு போய்விட்டு வந்தேன். அந்த முறை வேனில் யாரும் பாடவில்லை.

கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பொட்டைச் சாமான் மேல் வைக்காமல், அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைக்கிற வழக்கம் வந்தது. ஏன் அட்டைக்குப் போய்ப் பொட்டு வைக்கிறோம் என்று நீங்கள் உங்களுக்குள் சிரித்துக்கொண்டது எனக்குத் தெரியும். எட்டுப் பாட்டு வெளியே வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் எவ்வளவு சுத்தமான பதிவு என்று என்னைப் பாராட்டினார்கள். இன்றும் திண்டிவனம் பக்கம் போனால் யாராவது ஒருவர் பாராட்டுகிறார். ஒன்பதாவது பாட்டைப் பற்றிக் கேட்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

கோளாறைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் நம் கடையில் நிறைய இருக்கிறார்கள், நீங்களும் ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வீர்கள். அது என்ன கோளாறு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வருவதுதான் வேலை. அதுவும் காரணம் உங்கள் கையாக இருந்தால், செருப்பை மாட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பஸ் ஏறின பிறகு சொல்லவே முடியாது. எனக்கு நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளில் ஒரு பாட்டு போய்விட்டது.

ஐந்து மாதம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு போன் வந்தது. எடுத்தால் மலர்க்கொடி. குரல் முன்னைவிட ஒரு படி கீழே இறங்கியிருந்தது. இனி அந்தத் தாலாட்டின் உயரத்துக்கு அது ஏறாது என்று ஒரே வார்த்தையில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காற்று இல்லை, தொண்டைக்கட்டு இல்லை, உறுதியாக இருந்தது.

“சார், கொரலு வந்துடுச்சி. ஆஸ்பத்திரில எழுதிக் காட்டினேனே, அது பாக்கி இருக்குது. ஒரு பத்து நிமிஷம் ஃப்ரீயா இருக்கீங்களா?” என்று கேட்டார்.

இருக்கிறேன் என்றேன். கடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.